பொங்கிக் காய்ந்த பால்

நெம்மேலியில் எங்கள் மாடியில் குடியிருந்த ஓவியக்காரிக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. சமையல் மேடையிலேயே கேன்வாஸைச் சாய்த்துவைத்து, குழம்பில் ஒரு கிளறல், படத்தில் ஒரு தீற்றல் என்று அலைவாள். பிரஷ்ஷை நைட்டியிலேயே துடைப்பாள்.

ஒருநாள் உறைமோர் வாங்கப் போனேன். அடுப்பைச் சுற்றிப் பால் பொங்கிக் காய்ந்திருந்தது. துடைக்கலாமென்று துணியை எடுத்தேன். சட்டென்று கையைப் பிடித்தாள்.

"தொடாதக்கா! அதத்தான் வரைஞ்சிகினு கீறேன்."

"இதுல வரைய இன்னா கீது?"

"முந்தாநாளு அவரு கத்திகினே இருந்தாரு. நான் அடுப்ப மறந்து நின்னுட்டேன். அப்ப பொங்குனது."

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். அந்த நேரம் அவள் கணவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்த கூச்சமோ என்னவோ, "இன்னும் தொடைக்கலியா?" என்று தணிந்த குரலில் கேட்டு, தானே துணியோடு குனிந்தார். பாதிக் கறை போய்விட்டது.

இப்போது வெடிப்பாள் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"கைய எடுக்காத. அப்டியே நில்லு," என்றாள் அவரிடம்.

படத்திலிருந்த பாலைக் காய்கறிக் கத்தியால் சுரண்டிவிட்டு, அவர் கையை வரையத் தொடங்கினாள். அன்றுதான் அவள் ஓரிடத்தில் நின்று பார்த்தேன். அவரும் குனிந்தபடியே நின்றார்.

அது மன்னிப்பா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை. உறைமோர் வாங்காமலே இறங்கி வந்துவிட்டேன்.