நாலரை அடித் தண்ணீரில் நான் மூழ்கிய காலை

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூட்டமாக இருந்தது, காற்று துளியும் இல்லை. வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில், வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக, கையில் ஒரு ஃபைலோடு நான் மூழ்க ஆரம்பித்தேன். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட மூழ்கல்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு குழந்தை சின்னக் குளத்தில் வழுக்கி விழுந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை மணி கழித்து ஐஸ்கிரீம் கேட்டது. ஆனால் குடியிருப்போர் சங்கம் பயந்துபோய் பெரிய குளம், சின்னக் குளம் இரண்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டது. சம்பளம் கொடுத்துக் காவலுக்கு ஆள் வைக்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நீந்தத் தெரிந்த குடியிருப்புக்காரர்களே முறை வைத்துக் காவல் இருப்பது. விவரம் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து வந்து அவர்களைச் சோதிப்பது. தேறினால் குளம் திறக்கும், தேறாவிட்டால் தீபாவளி வரை பூட்டு.

அந்தப் பூட்டு என் முழங்காலுக்கு விழுந்த பூட்டு. எனக்கு எழுபத்து நான்கு வயது. வலது முட்டி தேய்ந்துவிட்டது. தினமும் கழுத்தளவுத் தண்ணீரில் நாற்பது நடை நடந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்தவரை முட்டி சொன்னபடி கேட்டது. பூட்டு விழுந்த மூன்றாவது வாரம், கழிப்பறையில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மனைவியைக் கூப்பிட வேண்டிவந்தது. அவள் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "ஒண்ணு அந்தக் கொளத்தத் தொறக்கச் சொல்லுங்க, இல்ல ஒரு கிரேன் வாங்கிப் போடுங்க" என்றாள்.

ஆகவே காவல் குழு எப்படியாவது தேறியாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதில் ஒரு சங்கடம். குழுத் தலைவருக்கும் எனக்கும் ஆகாது. குளத் துணைக்குழுவின் செயலாளர் நான். குளத்தோரம் பலகையில் இருக்கும் பதினோரு விதிகளும் நான் எழுதியவை. நான்காவது விதி: ஷவரில் குளிக்காமல், தொப்பி இல்லாமல், நைலான் உடை இல்லாமல் எக்காரணம் கொண்டும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது; ஒவ்வொரு மீறலுக்கும் ஐநூறு ரூபாய் அபராதம். 'எக்காரணம் கொண்டும்' என்பதற்கு அடியில் கோடு போடச் சொன்னதும் நான்தான். தலைவர் சேலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், நன்றாக நீந்துவார். அவரை நான்காம் விதியில் மூன்று முறை பிடித்திருக்கிறேன். மூன்றாம் முறை தொப்பி போட்டிருந்தார், ஆனால் காது வெளியே தெரிந்தது. அதற்கும் போட்டேன்.

சோதிக்க வந்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். சென்னையில் இருந்தவரை ஞாயிறுதோறும் கடற்கரையில் தொண்டர் காவலில் நின்றவராம். இப்போது இங்கே அலுவலக வேலை. கடற்கரைக் காவலர்களைச் சோதிக்கும் தாளையே கொண்டுவந்திருந்தார். நிரப்பிக் கொடுக்கிறேன் என்று நான் வாங்கிக்கொண்டேன்.

"அலையோட உயரம்னு ஒரு கட்டம் இருக்கேம்மா?"

"அத அடிச்சிடுங்க அங்கிள். இது பீச்சுக்குப் போட்ட ஃபார்ம்."

"அடிச்சா திருத்தம்னு ஆயிடும். பூஜ்யம்னு எழுதுறேன்."

"சரி, எழுதுங்க."

"நீரோட்டம்?"

"அங்கிள், ஸ்விம்மிங் பூல்ல எங்க..."

"ஃபில்டர் ஓடுனா அந்த மூலைல லேசா இழுக்கும். இருக்குன்னு போட்டுடட்டுமா?"

அவர் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று சோதனைகளும் நன்றாகவே நடந்தன. தலைவரும், அவருக்குத் துணையாக இருந்த கன்னட இளைஞரும் குளத்தை நீந்திக் கடந்தார்கள். மிதவை வளையத்தைக் கயிற்றோடு வீசினார்கள். ரப்பர் பொம்மையின் நெஞ்சை முப்பது தடவை அழுத்தி இரண்டு தடவை வாயில் ஊதினார்கள். இளைஞர் கன்னடத்தில் எண்ணினார், நான் தமிழில் எண்ணினேன், இரண்டும் ஒத்துப்போயின. பிறகு இருவரும் உலர்ந்து, மஞ்சள் பனியன் போட்டு, காவலுக்கு நின்றார்கள்.

அந்தப் பெண் என்னை பம்ப் அறைக்குப் பின்னால் அழைத்துப் போனார். "கடைசி டெஸ்ட்ட சொல்லாம வைக்கணும் அங்கிள். அதுலதான் ரெடியா இருக்காங்களான்னு தெரியும். திடீர்னு யாராவது உள்ள விழணும். உங்க மேல யாருக்கும் சந்தேகமே வராது."

"ஏன் வராது?"

"ரூல மீறி நீங்க தண்ணில எறங்குவீங்கன்னு இந்த அபார்ட்மென்ட்ல யாரு நம்புவாங்க?"

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு சின்ன ஏற்பாடும் செய்தேன். மேற்குப் பக்கம் ஆழம் நாலரை அடி. நின்றால் என் தாடை மேலே இருக்கும். முட்டி போட்டால் மூழ்கிவிடலாம். பையன்களுக்குச் சிரமமில்லாத மூழ்கல். போகிற போக்கில் தலைவரிடம், "இன்னிக்கு மேற்குப் பக்கமே பாத்துட்டு இருங்க. காரணம் கேக்காதீங்க" என்றேன்.

"அங்க எதுக்கு சார் ஃபைன்?" என்றார் அவர்.

ஃபைலைப் புரட்டிக்கொண்டே ஓரமாக நடந்து, விழுந்தேன். முட்டி போட்டேன். உதடு அசைய மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது எண்ணிலேயே விசில் கேட்டது. "அங்கிள் பித்பிட்ரு!" என்று இளைஞர் கன்னடத்தில் அலறினார். நான் விழுந்துவிட்டேனாம். குளம் திறந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

பத்து ஆயிற்று. யாரும் தண்ணீரில் குதிக்கவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். தலைவர் ஷவரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யோவ்! வாய்யா இங்க!"

"இதோ வந்துட்டேன் சார்! சோப்பு வேணாம்ல?"

இளைஞர் பையைக் கவிழ்த்துத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். "அங்கிள், கேப் சிக்தா இல்ல! ஒன் மினிட் இருங்க!"

மறுபடி உள்ளே போனேன். என் ஏற்பாட்டில் நான் சேர்க்காமல் விட்டது வேட்டி. அது குடை மாதிரி மேலே விரிந்து, பிறகு இறங்கி இரண்டு காலையும் சுற்றிக்கொண்டது. போதும் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். வலது முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. இடது கால் வழுக்கியது. அங்கிருந்து தரை எட்டடி ஆழத்துக்குச் சரிகிறது. அந்தச் சரிவை நான் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறேன். சரிந்தேன். கத்த வாயைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. இருபத்தாறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்கடுத்த எண் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு தாடைக்கு அடியில் ஒரு கை. மேலே சாம்பல் நிற வானம். கரையில் கிடத்தி ஒருக்களித்துத் திருப்பினார்கள், இருமினேன். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏங்க! வேட்டி எங்க?"

வேட்டி ஆழப் பக்கத்தில் நிதானமாக மிதந்துகொண்டிருந்தது. கோடு போட்ட அரை டிராயர் மானம் காத்தது.

அந்தப் பெண் முதலில் என் மூச்சைப் பார்த்தார், அப்புறம் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "விழுந்ததுல இருந்து முப்பத்தெட்டு செகண்டு. சாரி. இருபதுக்குள்ள எடுக்கணும். இது ஃபெயில்."

தீபாவளி வரை. என் முட்டி அதைக் கேட்டு ஒருமுறை வலித்தது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். பாதித் தலை நனைந்திருந்தது. தொப்பி ஷவருக்கு அடியில் கிடந்தது. "முதல்ல அவரு முங்கவே இல்ல. முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. முங்குறவன் 'யோவ் வாய்யா'ன்னு கூப்பிடுவானா? எண்ணிட்டு வேற இருந்தாரு, தெளிஞ்ச தண்ணில உதடு அசையுறது தெரிஞ்சுது. சும்மா உக்காந்திருக்கிறவர குளிக்காமப் போயி காப்பாத்தி, ஐநூறு ரூவா யாரு கட்டுறது? எனக்கு ஏற்கெனவே மூணு ஃபைன். ஷவர்ல நின்னுட்டே அவரு வாயத்தான் பாத்துட்டு இருந்தேன். எண்ணுறத நிறுத்துனாரு பாருங்க, அப்பதான் நிஜம்னு தெரிஞ்சுது. கேப்ப விசிறிட்டு குதிச்சேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அங்கிள், நீங்கதான் சொல்லணும்" என்றார் அந்தப் பெண். "எப்ப இருந்து நிஜம்?"

சொன்னால், மேற்குப் பக்க ஏற்பாடும் வெளியே வரும். சொல்லாவிட்டால், கழிப்பறையும் கிரேனும். "இருபத்தாறுக்கு அப்புறம்" என்றேன். "அதுவரைக்கும் நான்... கொஞ்சம் சௌகரியமாதான் இருந்தேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழித்துப் பார்த்தார். "பன்னெண்டு செகண்டு. ஆள் நடிக்கிறாரா, தவிக்கிறாரான்னு கரையில இருந்தே கண்டுபிடிக்கிறது பெரிய விஷயம். பாஸ் போடுறேன். ஆனா காவல்ல இருக்கறவங்களுக்கு அந்த நாலாவது ரூல் கூடாது. இப்பவே மாத்துங்க, அப்பதான் கையெழுத்து. அடுத்த தடவ விழுறது கொழந்தையா இருக்கும், அதுக்கு எண்ணத் தெரியாது."

'எக்காரணம் கொண்டும்' என்ற இரண்டு சொற்களையும் யோசித்தேன். அதற்குள் துண்டோடு கீழே வந்துவிட்ட மனைவி கேட்டாள்: "முட்டியா, ரூலா? சீக்கிரம் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு."

ஈரக் கையோடு எழுதிக் கொடுத்தேன்: காவல் பணியில் இருப்பவர்களுக்கு நான்காம் விதி பொருந்தாது. அன்று சாயங்காலமே பூட்டைத் திறந்தார்கள். மறுநாள் காலை நாற்பது நடை நடந்தேன். முதல் பத்து நடை முட்டி முனகியது, பிறகு வழிக்கு வந்தது. கரையில் தலைவர் விசிலோடு உட்கார்ந்து என் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை இழுத்து இரண்டையும் மூடிக்கொண்டேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார். "நீங்க ரூல மாத்துனது காப்பாத்துறவங்களுக்குத்தான? முங்குறவங்களுக்கு இல்லல்ல?"

நான் அடுத்த நடைக்குத் திரும்பினேன். மாதக் கடைசியில் பராமரிப்பு பில்லோடு தனியாக ஒரு சீட்டு வந்தது. ஷவர் இல்லை, தொப்பி இல்லை, நைலான் உடை இல்லை; நான்காம் விதிப்படி மூன்று மீறல். குளத்தில் ஃபைல் போட்டது, எட்டாம் விதிப்படி ஒன்று, அதற்கும் ஐநூறு. பலகையின் முன்னால் போய் நின்று, விதிகளை முதலிலிருந்து படித்து, இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிவிட்டேன்: இரண்டாயிரம் ரூபாய்.