அறுபடாத பச்சைக் கோடு

எங்கள் தொழிலில் நல்ல வீடு என்றால், ஒன்றுமே நடக்காத வீடு. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் புதிய ஒழுங்குகளைப் பரீட்சித்துப் பார்க்க, கொழும்பு வீடுகள் சிலவற்றில் சின்னப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். எந்த வீட்டுப் பெட்டி அறுபடாமல் இணைப்பில் நிற்கிறது என்று பார்த்து, பரீட்சைக்குத் தெரிவுசெய்வது என் வேலை. இணைப்பு நின்றால் திரையில் பச்சைக் கோடு. அறுந்தால் சிவப்பு வெட்டு. என்னைப்போலத் திரையைப் பார்த்தே கண் கெட்டவர்களே, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

வெள்ளவத்தை

இங்கே ஒரு மாடி பிளட்டில் காலையும் மாலையும் வெட்டு விழும். போய்ப் பார்த்தேன். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா கையைத் துடைத்தபடி சொன்னார்: "உங்கட பெட்டிக்குப் பசிக்காது தம்பி. எங்களுக்குப் பசிக்கும்."

தெஹிவளை

இங்கே ஒரு வெட்டும் இல்லை. சந்தோஷமாகப் போனேன். காவலாளி நானா திறப்பைக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். கதிரைகள் வெள்ளைத் துணி போர்த்தி, ஆட்கள் இருப்பதுபோல் இருந்தன. சொந்தக்காரர் வெளிநாட்டில். இருட்டில் எங்கள் பெட்டியின் பச்சை லைட் மட்டும், யாருக்கோ பதில் சொல்வதுபோல், மினுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஏனோ உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. நானா சிரித்தார்: "ஆளில்லாத வூடு சேர். அதான் குழப்படி இல்லாம நிக்கிது."

கொட்டாஞ்சேனை

பெனடிக்ற் ஐயா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், தனி ஆள். பெட்டியைக் கழற்றிவிட்டு அதே பிளக்கில்தான் தண்ணி கொதிக்கவைக்கும் கேத்தலைக் குத்துவார். அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரமெல்லாம் எங்கள் திரையில் சிவப்பாக விழும். எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. பரீட்சைக்கு உதவாத வீடு என்று ஒதுக்கியிருந்தேன்.

ஒருநாள் என்னோடு வேலைசெய்யும் நிரோஷன் கூப்பிட்டான். "அண்ணை, கொட்டாஞ்சேனை திருந்திட்டுது. நேற்றிலயிருந்து ஒரு வெட்டும் இல்லை. டெஸ்டுக்குப் போடுவமோ?"

பார்த்தேன். நேரான பச்சைக் கோடு. போடு என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தத் தெஹிவளைக் கதிரைகள் கண்ணுக்குள் வந்தன. ஐயா தேத்தண்ணி குடிக்கவில்லையா?

போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டோ பிடித்துப் போய், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து கதவைத் தள்ளித் திறந்தோம். ஐயா கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது. கண் திறந்தபடி, மேசையில் எரியும் பச்சை லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வரும்வரை தலையை மடியில் வைத்திருந்தேன். தண்ணீர் நனைத்த உதட்டால் மெல்லச் சொன்னார்: "லைட் எரிஞ்சுகொண்டே கிடந்திச்சு தம்பி. நீங்க பாத்துக்கொண்டுதானே இருக்கிறீங்க எண்டு நினைச்சன்."

ஐயா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். அவருடைய கோடு மறுபடி நாள் தவறாமல் அறுகிறது, பரீட்சைக்கு உதவாத அந்த வீட்டைத்தான் காலையில் நான் முதலில் பார்க்கிறேன்.