காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்...

‘விசில் கட்டாயம். கொண்டுபோற குப்பை திரும்ப வரணும். காட்டுல யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது.’

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில், எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைத்திருந்த செய்தி இது. தேதி, சென்ற ஆண்டு ஜூலை 6. அனுப்பியவர் சந்திரன் அண்ணன் - துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் குழுவுக்குத் தலைவர். தேதி போடாமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தச் செய்தி இப்போது அங்கே இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை.

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு, தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்தேன். கீழே புஷ்பா காத்திருந்தார். கணேசனின் மனைவி. கணேசன் எங்களோடு நடந்தவர். அக்டோபரில் அருவிக்குப் போன இடத்தில் இறந்துபோனவர்.

“அண்ணே, எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறவரு நீங்கதான்” என்றார். “அன்னிக்கு நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?”

பார்க்கிறேன் என்று சொன்னேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

பினாங்கில் கடல் இருக்கிறது, கொடிமலை இருக்கிறது, நடப்பதற்குக் குறைவே இல்லை. ஆனாலும் ஞாயிறு விடிந்ததும் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்கு ஓடுகிறோம். குலிம் பக்கம், செம்பனைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடங்களில் அருவிகள் இருக்கின்றன. பாறைகள் இரண்டு பக்கமும் சுவராக எழும்ப, நடுவே ஆறு நெருக்கிக்கொண்டு ஓடும் பிளவுகள் இருக்கின்றன - இளையவர்கள் கேன்யன் என்கிறார்கள். காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். எந்த அருவி என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த முறை சொல்ல மனம் இல்லை.

கணேசன், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் குழுவில் சேர்ந்தார். விதி என்றால் அவருக்கு விதிதான். வாழைப்பழத் தோலைக்கூடப் பைக்குள் வைத்துத் திரும்பக் கொண்டுவருவார். அது மக்கிவிடும் கணேசன் என்றால், மக்கட்டும், என் பையில் மக்கட்டும் என்பார்.

ஒரு தடவை அவர் புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். அவர் இல்லாததைக் கண்டு யாரோ பதறிப்போய்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டார்கள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. நாங்கள் தேடக் கிளம்பும்போது, மனிதர் சாவகாசமாக வெளியே வந்தார்.

“கேட்டுச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல? ரூல் ரூல்தான்லா.”

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுகூட, கணேசன், சாப்பிடலாமா, ரூலில் இருக்கா என்று கிண்டல் செய்தோம். அவரும் சிரித்தார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? மலாய் நண்பர்கள் தங்களுடையது என்கிறார்கள். ரப்பர் காட்டில் வேலை செய்த குடும்பங்கள், எங்களுக்கும் உண்டு என்கின்றன. காட்டில் இருப்பது எதுவோ உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். பிறகு தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம். பதில் கொடுத்தால் வழி மாறிப் போய்விடுவீர்களாம். எழுத்தில் தேடிப் பார்த்தேன். நம்பும்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. குழுவில் யாரைக் கேட்டாலும், எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ‘ஓய்’, ‘ஹலோ’தான். நம்புகிறவன் ஒரு நாள் சந்தேகப்படுவான்... நம்பாமல் கடைப்பிடிக்கிறவனை யார் நிறுத்துவது?

அக்டோபர் ஞாயிறுக்கு வருகிறேன்.

அருவியில் இருந்தபோது மலையின் மேல்பக்கம் கறுத்தது. தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியதும் சந்திரன் அண்ணன் எல்லோரையும் கிளப்பிவிட்டார். அதுதான் சரி, மேலே மழை பெய்தால் கீழே ஆறு திடீரென்று பொங்கி வரும். அவசரமாக இறங்கினோம். கணேசன் வேகமாக நடப்பவர், முன்னால் போயிருப்பார் என்று எல்லோருமே நினைத்தோம். கார் நிறுத்திய இடத்தில் அவர் இல்லை.

திரும்ப ஏறினோம். விசில் ஊதினோம். பிளவுக்கு மேலே ஒரு பாறையில் அவருடைய பை இருந்தது. விசில் அந்தப் பையின் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொம்பா, தீயணைப்புப் படை, வந்தது. மீட்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள். மாலையில் புஷ்பா மகளோடு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர்கள் குரல் கேட்டால் நல்லது என்று ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தார்கள்.

வாங்கியவர் அப்படியே நின்றார். எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் அவர் கணேசனை ‘என்னங்க’ என்பார். அவ்வளவுதான். மலையைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், ஒலிபெருக்கியில் ‘என்னங்க’ என்றா கூப்பிடுவது? அது யாருக்கு என்று காட்டுக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கூப்பிட்டார்.

“கணேசன்... கணேசன்... எங்க இருக்கீங்க? குரல் கொடுங்க கணேசன்...”

எனக்குப் பக்கத்தில் சந்திரன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பேர் சொல்லாதம்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு” என்றார் என்னிடம், மிக மெதுவாக. “எப்படிப்பா சொல்றது?”

புஷ்பா இருட்டும் வரை கூப்பிட்டார். செவ்வாய் காலை கணேசனைக் கண்டுபிடித்தார்கள். பிளவின் ஓரம், ஒரு பாறைத் திட்டின் அடியில். தண்ணீர் எட்டாத இடம்தான். கால் முறிந்திருந்தது. புஷ்பா நின்று கூப்பிட்ட இடத்திலிருந்து அது வெகு தூரம் இல்லை. சுற்றித்தான் போக வேண்டும். நேராகப் பார்த்தால் பக்கம். இறந்த நேரத்தை மருத்துவ அறிக்கை உறுதியாகச் சொல்லவில்லை.

இதுவரை எனக்குத் தெரியும். தண்ணீர்மலை அடியில் புஷ்பா அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தோன்றியிராதது.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் பேரை நான் சொன்னதே இல்லண்ணே. அன்னிக்குத்தான் மொதத் தடவை. காட்டுக்குள்ள, என் குரல்ல, அவர் பேரு... அது நான் இல்லைன்னுதானே நெனச்சிருப்பாரு?”

படியிறங்கி வந்தவர்களுக்கு வழி விட்டு, மறுபடி என்னிடம் திரும்பினார்.

“‘என்னங்க’ன்னு கூப்பிட்டிருந்தா பதில் சொல்லியிருப்பாருல்ல?”

புதருக்குப் பின்னால் நடந்த அந்தக் கதையை, அன்று மாலையே கணேசன் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, சந்திரன் அண்ணனும் நானும் மட்டும் திரும்பப் போனோம். அன்று புஷ்பா நின்று கூப்பிட்ட, கார் நிறுத்தும் இடத்தில் அவர் நின்றுகொண்டார். கையில், திருவிழாக்களுக்கு வாடகைக்கு விடும் கடையில் எடுத்த ஒலிபெருக்கி. நான் ஓரமாகச் சுற்றிப் போய் அந்தப் பாறைத் திட்டின் அடியில் உட்கார்ந்தேன். ஏற்பாடு எளிமையானது. அவர் கூப்பிடுவார், கேட்டால் நான் குரல் கொடுக்க வேண்டும். மழை இல்லாத மாதம். ஆறு மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது.

“கணேசன்... கணேசன்...”

ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. காட்டில் பெயர் சொல்லாத மனிதர், இறந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். குரல் உடைவதுகூடக் கேட்டது. நான் பதில் கொடுக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு இரைக்க ஓடி வந்தார்.

“கேட்டுச்சா இல்லையா? ஏன்யா பதில் சொல்லல?”

கேட்டது என்றேன். அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அருவிப் பக்கம் நாங்கள் போகவில்லை.

அந்த வாரமே புஷ்பாவைப் பார்த்தேன். தண்ணீர் குறைந்த நாளில் அங்கே குரல் நன்றாகக் கேட்கிறது. அன்று வெள்ளம் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலில் கேட்குமா என்று தெரியாது என்றேன். அன்று போலவே பொங்கும் நாளில் ஒருவரை அங்கே உட்கார வைத்துச் சோதிக்க முடியாது. கேட்டிருக்காது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தான் வந்தார் என்பதும் தெரியும். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொன்னால், அடுத்த கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு, இதை எழுதலாமா என்று நான்தான் கேட்டேன்.

“எழுதுங்கண்ணே. மத்தவங்களாவது வாயைத் திறக்கட்டும்.”

சந்திரன் அண்ணன் பழைய செய்தியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறார். விசில் பையில் அல்ல, கழுத்தில். காட்டில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்க வேண்டும். எல்லோரும் கட்டை விரல் போட்டார்கள். அடுத்த நடைக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை.

ஞாயிறு மாலை கணேசன் உயிரோடு இருந்தாரா, மனைவியின் குரல் அவருக்குக் கேட்டதா - இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.