நாலாவது வீலின் கொம்பு

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. டம்ளர், கரண்டி, இட்லித் தட்டு என்று எல்லாவற்றிலும் எங்கள் வீட்டுக்காரர் பேரின் முதல் எழுத்தும் என் பேரின் முதல் எழுத்தும் இருக்கும். அவர் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு வரும். பாதி, கடைக்காரர் வெட்டிக் கொடுத்தது. மீதி, நானே ஆணியால் கீறியது. ஒருமுறை ஒரு கல்யாணத்துக்கு, அப்போது பேர் வெட்டியிராத அண்டாவை இரவல் கொடுத்தேன். திரும்பி வந்தது அதே மாதிரி இன்னொரு அண்டா. தூக்கியதுமே கை சொல்லிவிட்டது, இது லேசு என்று. வாயைத் திறந்து கேட்க எனக்கு வரவில்லை. கேட்க வராதவளுக்கு எழுத்துதான் துணை. அஞ்சாவது வரைதான் படித்தேன். படித்ததில் பெரும்பாகம் பாத்திரத்துக்கே செலவானது.

எங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு அவர் சவாரி ஓட்டிய பழைய குண்டுக் கார் எங்கள் கடலூர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை லீவுக்கு வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். புது எஞ்சின், சிவப்பு சீட்டு. வண்டி உடம்பைத் தரையோடு தரையாகத் தாழ்த்தினார். கடைசியில் நாலு அலாய் வீல் வந்தது. அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். இரண்டு வருஷம் தேடிப் பிடித்தது என்று மகள் சொன்னாள்.

மாட்டிப் பார்த்தால் அகலம் ஜாஸ்தி. டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. வேகத்தடை ஏறி இறங்கினால் மட்கார்டு விளிம்பு டயரைச் சுரண்டி, ரப்பர் கருகிய வாசனை உள்ளே வரும். மாப்பிள்ளை டயர்களைக் கழற்றி வீல் நாலையும் கூடத்தில் அடுக்கினார். சிதம்பரத்தில் ஒரு லேத்துப் பட்டறை இருக்கிறது, அங்கே வீலைக் குறுக்கித் தருவார்கள் என்று போனிலேயே விசாரித்து வைத்தார். அதற்குள் அவர் லீவு முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை முன்னால் நான் நின்று பேசியதில்லை. காபிகூட மகள் கையில்தான் போகும். கிளம்புகிற அன்று அவர் கூடத்தில் நின்று சமையலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

“அத்த, வீலு நாலும் உங்க பொறுப்பு. போச்சின்னா மறுபடி கிடைக்காது. லேத்துக்கு எடுத்துப் போறப்ப நீங்களும் கூடப் போயிடுங்க. உங்க பொண்ணுக்குப் பண்ருட்டி ஆபீசுல லீவு தர மாட்டாங்க.”

நான் கதவுக்குப் பின்னாலிருந்து “ம்” என்றேன். அதுவரை அவர் என்னை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. இந்த நாலும் முழுசாகத் திரும்பி வந்தால்தான் அவர் முகத்தில் நான் விழிக்க முடியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் வீல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்டா ஞாபகம் வந்தது. அண்டாவையே மாற்றுகிறவர்கள் இதை விடுவார்களா? ஆணியை எடுத்தேன். மாப்பிள்ளை பொருளில் கை வைப்பது தப்புதான். அதனால் டயர் மாட்டினால் மறைந்துபோகிற இடமாகப் பார்த்து, வீலைச் சுற்றி ஓடும் பட்டையின் நட்ட நடுவில் இரண்டு எழுத்தைக் கீறினேன். மூன்றைப் படுக்கவைத்து நிதானமாக எழுதினேன். நாலாவது வீலில் கை வைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கேட்டைத் திறந்துவிட்டாள். அவசரத்தில், சுவரில் சாய்ந்திருந்தபடியே எழுதினேன். எழுத்து பெரிதாகக் குறுக்கே விழுந்தது.

மறுநாள் குட்டியானை வண்டியில் வீல்களை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேத்துக்காரருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியில் உலோகத் தூள். ஒரு வீலைத் தூக்கி வெளிச்சத்தில் சுற்றினார். சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“இது எங்க வாங்கினது பெரிம்மா?”

“மாப்ள வாங்கினது.”

“யார்கிட்ட வாங்கினாரு?”

“தெரியலயே.”

“இந்த மாடலு இப்பல்லாம் வர்றது இல்லயே.”

அவ்வளவுதான். விலை போகிற பொருள் என்று கண்டுபிடித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாலு வீலையும் ஒன்றொன்றாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு தானே பின்கட்டுக்குத் தூக்கிப் போனார். அங்கே எட்டிப் பார்த்தேன். பழைய வீல்கள் குவியலாகக் கிடந்தன. எங்களுடையது போலவே பளபளப்பாக இரண்டு மூன்று இருந்தன.

வாசலில் கிடந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

“நாலு நாளு ஆவும் பெரிம்மா. அதுவரைக்கும் இங்கியேவா குந்திக்கினு இருப்பீங்க? வீலுக்குக் காவலா?”

பட்டறையில் இருந்த இன்னொருவர் சிரித்தார். “இருக்கட்டும் மாமா, நாயி வாங்கற செலவு மிச்சம்” என்றார். லேத்துக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வண்டியில் ஏறினேன். அந்த நாலு நாளும் சோறு ருசிக்கவில்லை.

போன் வந்ததும் அதே வண்டியில் போனேன். வீல் நாலும் வாசலில் இருந்தன. உள்பக்கம் புதுசாகக் கடைந்தது போல் மின்னியது. லேத்துக்காரர் உள்ளே யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார். நான் குனிந்து தடவினேன். முதல் வீலில் எழுத்து இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவதில் சுழியாக ஒரு கீறல் மட்டும் இருந்தது. லேத்தில் பட்டதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“ஏத்திடட்டுமாம்மா?” என்றார் குட்டியானைக்காரர்.

“இருப்பா.”

ஏற்றிவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஏற்றாவிட்டால் கேட்டாக வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, போனை முந்தானைக்குள் வைத்து மகளைக் கூப்பிட்டேன்.

“இது நம்ம வீலு இல்லடி. பேரு வெட்டியிருந்தேன். காணும்.”

நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. ஆனால் என் போனில் சத்தம் குறைக்க எனக்குத் தெரியாது. மகள் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

“அவரு வீல்ல நீ பேரு வெட்டுனியா? அது என்னா சோத்துக் குண்டானா? மாத்திட்டானா, யாரு, அந்த லேத்துக்காரனா?”

ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றது. லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நான் போனை அமர்த்தினேன். பூமி பிளக்காதா என்றிருந்தது.

“அந்த எழுத்து நீங்க எழுதினதா பெரிம்மா?”

தலையை ஆட்டினேன்.

“எந்த எடத்துல எழுதினீங்க?”

“நடுவுல.”

“நடுவத்தான நான் எடுத்தேன்?”

எனக்குப் புரியவில்லை. ரவிக்கை பெரிதாக இருந்தால் ஓரத்தில்தானே பிடிப்பார்கள். வீலையும் ஓரத்தில் சீவிக் குறுக்குவார்கள் என்றே நினைத்திருந்தேன். அவர் உள்ளே போய்க் கம்பியில் கோத்த நாலு வளையங்களைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். ஒவ்வொன்றும் ஒன்றரை விரல் அகலம் இருந்தது.

“ஓரத்துல சீவுனா டயரு எதுல நிக்கும்? நடுவுல வளையமா வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் சேத்து ஆர்கான் வெல்டிங் வெச்சிருக்கேன். பாருங்க, இதான் ஒட்டு.”

மூன்று வளையங்களில் எங்கள் வீட்டு எழுத்து முழுசாக இருந்தது. நாலாவது வளையத்தில் கொம்பு இல்லாமல் மீதி மட்டும். அவர் அந்த வளையத்தை நாலாவது வீலோடு சேர்த்துப் பிடித்தார். லேத்தில் பட்டதென்று நான் விட்ட அந்தச் சுழி, எழுத்துக்கு முன்னால் போய் நின்றது. அது எங்கள் வீட்டுக்காரருடைய கொம்புதான்.

“வளையத்த எதுக்கு எடுத்து வெச்சிருந்தீங்க?” என்று கேட்டேன். அந்தப் பட்டறையில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோச்சிக்காதீங்க. உங்க மாப்ள பேருக்கும் இந்த எழுத்துக்கும் சம்மந்தமே இல்ல. எங்க வாங்கினதுன்னு கேட்டா நீங்க தலயக் குனிஞ்சிக்கிறீங்க. திருட்டு வீலோன்னு நெனச்சேன். நாளைக்கிப் போலீசு வந்தா காட்டறதுக்கு ஆவும்னு எடுத்து வெச்சேன்.”

சொல்லிவிட்டு அவரே டீ வாங்கிவரச் சொன்னார். நான் டீயைக் குடித்தேன். வெளியில் எங்கும் நான் டீ குடிப்பதில்லை.

அன்றைக்கே மகள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல” என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அடுத்த லீவு வரை யோசித்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தாலும் தேவலை.

லீவுக்கு வந்தவர் முதல் வேலையாக டயர் மாட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நாலாவது வீலைக் கையில் எடுத்து அந்தக் கொம்பை விரலால் தடவினார். தேய்த்து எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அதன் மேலேயே டயரை ஏற்றினார்.

பிறகு மகளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் பக்கம் ஓட்டினார். நான் பின்சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒட்டுப்போட்ட வீல் தாங்குமா என்று ஒரு பக்கம். மட்கார்டு சுரண்டுகிறதா என்று ஒரு பக்கம். முதல் வேகத்தடை போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

“சத்தம் வருதா அத்த?” என்றார் கண்ணாடியைப் பார்த்து.

மகள் பதில் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இல்ல மாப்ள” என்றேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மறுபடியும் சமையலறைக் கதவைப் பார்த்தார். “வீல பாத்துக்குங்க அத்த” என்றார். பிறகு, “இந்தத் தடவ எழுத எடமில்ல, டயரு மாட்டியாச்சு” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் கதவைத் தாண்டி வந்து நின்று, “பாத்துக்கறேன்” என்றேன்.

அவர் சொன்னது சரிதான். எழுத இடமில்லை. அவர் தெரு முனை திரும்பியதும் கொட்டகைக்குப் போய், அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று, டயரில் காற்றடிக்கிற வாயில் இருந்த சின்ன மூடிகள் நாலையும் கழற்றினேன். இப்போது அவை என் அஞ்சறைப் பெட்டியில், வெந்தயத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன.