வயிற்றில் கரையாத கடல்பாசி மணி

ஆய்வகத்தில் காலம் தள்ளும் என் இனத்தாரே, நமக்கு ஆசிட் பாட்டிலைக் கண்டு பயமில்லை, "என்ன வேலை பண்றே?" என்று கேட்கிற சொந்தக்காரரைக் கண்டால்தான் பயம்.

பக்கத்து இலை

கும்பகோணத்தில் கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்த பெரியப்பா அதையே கேட்டுவிட்டார். நான் ஆரம்பித்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறதல்லவா? அந்த மருந்து இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைய வேண்டும். அதற்காகக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் இனிக்காத ஒரு சர்க்கரைப் பொருளில் சின்ன மணிகள் செய்து, மருந்தை உள்ளே வைக்கிறேன் என்றேன். ரசம் ஆறும்வரை விளக்கினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சாப்பிட்டப்புறம் போட்டுக்கச் சொல்லு உங்கம்மாவ. இதுக்குப் போயி கடல்ல எறங்கணுமா?"

வால் முளைத்தது

பாசிக் கரைசலை ஊசி வழியாகக் கால்சியம் கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும். நிற்க வேண்டும். என் கரைசல் கெட்டியாகிப்போய் ஒவ்வொரு மணிக்கும் தலைப்பிரட்டை மாதிரி வால் முளைத்தது. ஆசிட்டில் போட்டதும் மருந்தும் கசிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. என்னோடு ஆராய்ச்சி செய்யும் சுகந்திக்குச் சிரிப்பு.

"வெண்ணாத்துல விட்டுடலாம்டி. மழை வந்தா நல்லா கத்தும்!"

போர் தண்ணீர்

அடுத்த முறை காய்ச்சி வடித்த நீர் தீர்ந்திருந்தது. அவசரக்குடுக்கை நான், பாசிப் பவுடரைக் கரைக்க விடுதி போர்வெல் தண்ணீரை ஊற்றினேன். அந்தத் தண்ணீரிலேயே வேண்டிய அளவு கால்சியம் இருக்கிறது என்பது பவுடர் கட்டி கட்டியாகத் திரண்ட பிறகுதான் உறைத்தது. என் பேராசிரியர் எட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பவுடர் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. இந்த வாட்டியும் மருந்து கசிஞ்சா ஆராய்ச்சித் தலைப்ப மாத்திடுவோம்மா."

கடைசிப் பவுடர்

நல்ல தண்ணீர், நீர்த்த கரைசல், நடுங்காத கை. மணிகள் உருண்டையாக விழுந்தன. வயிற்றில் இருப்பது போன்ற வெதுவெதுப்பான ஆசிட்டில் போட்டுவிட்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றேன். மருந்து கசிந்தது பேருக்குத்தான். குடல்நீர் போன்ற திரவத்துக்கு மாற்றியதும் மணிகள் உப்பி, இளகி, மருந்தை விட்டுக்கொடுத்தன. சுகந்தி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். யாரையும் பாராட்டியறியாத பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"புதுப் பவுடருக்கு எழுதிக் குடும்மா."

எப்போ வரும்?

உடனே கீழ்வேளூருக்குப் போன் போட்டேன். அம்மா நடவு வயலில் நின்றபடி முழுக்கதையும் கேட்டாள். அந்த மருந்து தனக்கு எப்போது கிடைக்கும் என்றாள். இன்னும் எத்தனையோ சோதனைகள் இருக்கின்றன, பல வருஷம் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் குரலில் ஒரு குறையும் இல்லை.

"வரப்ப வரட்டும். அதுவரைக்கும் மோர் குடிச்சுக்கறேன். நீ சாப்பிட்டியா?"

மருந்தை இரைப்பை தாண்டி அனுப்பக் கற்றுக்கொண்டேன். காலையிலிருந்து பட்டினி கிடப்பதை அம்மாவிடம் மறைக்கத்தான் இன்னும் எந்த மணியும் அகப்படவில்லை.