பேர் கூப்பிடும் நாள்

முகாம் வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமி அணைந்தால், இந்த வயதிலும் என் கால்கள் தாமாகவே எழுந்து வரிசையில் நிற்கப் பார்க்கின்றன. மன்னாரில் அந்தச் சத்தம் கேட்டால் ஆமிக்காரர் ஊரையே மைதானத்தில் நிறுத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் தலையாட்டினால் ஊரில் ஒரு ஆள் குறையும். இங்கே, திருநெல்வேலியில், அதிகாரிகள் பேர் கூப்பிட்டு எண்ணிவிட்டு அரிசி தருகிறார்கள். எவ்வளவு முன்னேற்றம், பாருங்கோ! வாசல் பலகையில் ‘அகதிகள்’ என்பதை அழித்து ‘மறுவாழ்வு’ என்றும் எழுதிவிட்டார்கள். கூரை மட்டும் பழைய பேரிலேயே ஒழுகுகிறது.

இந்தப் பேர் கூப்பிடுதலுக்குத் தணிக்கை என்று பெயர். போன தணிக்கையன்று பக்கத்து வீட்டுப் புஷ்பமக்கா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், டயாலிசிஸில் கிடந்தார். ஆள் இல்லை என்று பேரை வெட்டிவிட்டார்கள். பேர் போனால் உதவித்தொகை போகும், அரிசி போகும், ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற வழியும் போகும். நோயாளிகளுக்கு விலக்குக் கேட்டு, திங்கட்கிழமை மனு நாளில் நானும் அவரும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். மனு என்னுடையது. கவிதை எழுதுகிறவன் என்று முகாமில் எனக்கொரு கெட்ட பெயர் உண்டு.

ஆட்டோக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “மலையாளமா அண்ணாச்சி?” என்றார்.

“மன்னார்.”

“அது கேரளாவுல எங்கன இருக்கு?”

புஷ்பமக்கா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அலுவலர் நல்லவர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். மனுவை முழுதும் வாசித்து, “அருமையா எழுதியிருக்கிய” என்றார். “ஆனா இவுக முகாம்லதான் இருக்காகன்னு நாங்க எப்படி நம்புதது? அடுத்த தணிக்கையில நேர்ல நிக்கட்டும். சேத்துருவாவ.”

“எப்ப ஐயா தணிக்கை?”

போன் போட்டுக் கேட்டார். முகம் கோணியது.

“இன்னைக்குன்னு மாத்திட்டாவளாம். இப்பதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்காவ.”

சன்னலுக்கு வெளியே தாமிரபரணி எந்தப் பதிவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அங்கே முகாமில் என் பேர், ஆள் இல்லாமல் தனியே நிற்கும். இங்கே அக்கா, பேர் இல்லாமல் நிற்கிறார். கடல் தாண்டியபோதும் எங்களில் பாதி அக்கரையில்தான் நின்றது. சேவகர் கதவைத் திறந்து அடுத்த மனுக்காரரை அழைத்தார். அக்கா மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“ஐயா, நான் இஞ்சதான் நிக்கிறன். ஒருக்கா நீங்களே என்ர பேரைக் கூப்பிடுங்கோ.”