‘இல்லை’ என்று எழுதித் தராத மனிதர்

செய்தி வந்தபோது நான் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தெர்மல் கேமராவைக் கொட்டுகிற மழையில் வண்டிக் கூரைமேல் வைத்துவிட்டு, “வாரண்டி இருக்கே மேடம்” என்று வந்து நிற்கிற ரகம். நடுவில் போன் அடித்தது. எங்கள் கடை சேகரின் மனைவி விமலா. “அக்கா, குளிச்சிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு. டீ வச்சேன். எடுக்கவே இல்லக்கா” என்றாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. “டீ வேணாம்னா காபி போட்டுக் குடு” என்று சொல்லித் தொலைத்தேன். அந்தப் பக்கம் அவள் அழுத பிறகுதான் புரிந்தது.

பெங்களூரு ஜீவனஹள்ளி வீட்டில், அவர்கள் குடும்ப வழக்கப்படி புத்தர் படத்துக்கு முன்னால் பஞ்சசீலம் சொல்லி வழியனுப்பினோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சோலார் காண்டிராக்டர்கள், மின்கம்பி பார்க்கிறவர்கள், கனகபுரா பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்கள், பறவைக்கும் வௌவாலுக்கும் பின்னால் அலைகிறவர்கள் எல்லாரும் ஒரே சந்தில் நின்றிருந்தீர்கள். வர முடியாதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அவருடன் பல வருஷம் ஒரே கடையில் குப்பை கொட்டியவள் என்ற முறையில், அவரைத் திட்டவும் புகழவும் எனக்கு முழு உரிமை உண்டு.

ஜோகுபாளையத்தில் எங்கள் கடை. கையில் பிடிக்கிற தெர்மல் கேமராக்களை விற்பது, வாடகைக்கு விடுவது, பழுது பார்ப்பது என மூன்றும் உண்டு. வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் படமாகக் காட்டுகிற கருவி அது. விற்பனை என் பொறுப்பு, சர்வீஸ் அவர் பொறுப்பு. அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஆனால் மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? யாராவது உள்ளே நுழைந்து பெரிய கேமராமேல் விரலை வைத்ததும், உள்ளறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். “என்ன பாக்கணும் சார்? எவ்வளவு தூரத்துல? எந்த நேரத்துல?” இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஷோகேஸ் கதவு திறக்காது.

தோட்டக்காரர் ஒருவர் காட்டுப்பன்றி பார்க்க வேண்டும் என்று வந்தார். பெட்டியில் ‘ஒரு கிலோமீட்டர்’ என்று போட்டிருந்ததைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார். நான் பில் போடவே உட்கார்ந்துவிட்டேன். சேகர் அவரைத் தெருவுக்கு இழுத்துப் போனார். தெருக்கோடியில் என்னைப் போய் நிற்கச் சொன்னார். வெயிலில் பொம்மை மாதிரி நின்றேன். திரும்பி வந்தபோது பாடம் நடந்துகொண்டிருந்தது. “ஒரு கிலோமீட்டர்ல ஏதோ ஒண்ணு நிக்குதுன்னு ஒரு புள்ளி தெரியும் சார். அது பன்னியா, உங்க மாமனாரான்னு தெரியாது. உங்க தோட்டம் எவ்வளவு நீளம்? அதுக்குள்ள அடையாளம் தெரிஞ்சா போதாதா?” அந்த ஆள் சின்ன கேமராவை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். நான் சேகரிடம் அன்று முழுக்கப் பேசவில்லை. அந்தத் தோட்டக்காரர் அடுத்தடுத்து தன் ஊர்க்காரர்களையெல்லாம் அனுப்பிவைத்த பிறகுதான் என் கோபம் இறங்கியது.

பழுது என்று வருகிற கேமராக்களில் பாதிக்குப் பழுதே இருக்காது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஈரம் படிந்து படம் மங்கிவிடும். சட்டை நுனியால் துடைத்துக் கீறலும் போட்டுக்கொண்டு வருவார்கள். “உங்க மூக்குக் கண்ணாடிக்கு ஆகறதுதானே சார் இதுக்கும் ஆகும்? பையிலயே வச்சு கொஞ்ச நேரம் வெளிக்காத்துக்குப் பழக விடுங்க” என்பார். படம் நடுநடுவே ஒரு கணம் நின்று ‘டிக்’ என்று சத்தம் வருகிறதே என்று பயந்து வருகிறவர்களிடம், “அது தன்னைத்தானே சரி பண்ணிக்குது. நாம பண்ணிக்கறதில்ல பாருங்க, அதனாலதான் ஆச்சரியமா இருக்கு” என்று ஒரு குத்து வைப்பார்.

அவர் சறுக்கியதும் உண்டு. ஒரு கேமராவில் எதைப் பார்த்தாலும் ஒரே சாம்பல் நிறம். உள்ளே சென்சார் போய்விட்டது என்று தீர்மானித்து, திருகு திருகாகக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். நான் லென்ஸை விரலால் தடவிப் பார்த்தேன். மொபைலுக்கு ஒட்டுகிற கண்ணாடி ஸ்டிக்கரை வட்டமாக வெட்டி அதன்மேல் ஒட்டியிருந்தான் அந்தப் புண்ணியவான். தூசி படக்கூடாதாம்! கண்ணாடி நம் கண்ணுக்குத்தான் கண்ணாடி, இந்தக் கேமராவுக்கு அது சுவர் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதருக்கு, அது கண்ணில் படவில்லை. எங்கள் பொறியாளரின் மீசை அன்று துவண்டதைப் பார்க்க வேண்டுமே. மாதக் கணக்கில் அதைச் சொல்லியே கேலி செய்தேன்.

இனி பொம்மனஹள்ளிக் கதை. சேகரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் எழுதலாம் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

பொம்மனஹள்ளியைத் தாண்டி ஹோசூர் சாலையை ஒட்டி ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலை. அங்கே தையல் வரிசையில் வேலை செய்த பாக்கியம் என்ற பெண், தர்மபுரிப் பக்கத்துக்காரர், காலை ஷிப்டுக்கு வரும்போது பின்பக்க மதில்மேல் சிறுத்தையைப் பார்த்ததாகச் சொன்னார். பெண்கள் யாரும் பின்கேட் வழியாக வர மறுத்தார்கள். நிர்வாகம் எங்களிடம் ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்துக் காவலாளிகளிடம் கொடுத்தது. பக்கத்து மனையில் கட்டி முடித்தும் யாரும் குடிவராத கண்ணாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் கீழ்த்தளத்துக்குள் தாழ்வாக, நீளமுதுகோடு ஏதோ சூடாக நிற்பது கேமராவில் தெரிந்தது. வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. வனத்துறை ஆட்கள் வந்து அந்தக் கட்டடத்தை மூலைமுடுக்கெல்லாம் தேடினார்கள். ஒன்றுமில்லை. மறுநாளும் அதே வீடியோ, அதே தேடல், அதே ஒன்றுமில்லை.

பழி பாக்கியத்தின் தலையில் விழுந்தது. வதந்தி கிளப்பி வேலையைக் கெடுத்தாள் என்று சொல்லி, அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேலை கிடையாது. முடிந்தாலும் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். கூடவே எங்களுக்கும் ஒரு போன், “உங்க கேமரா டுபாக்கூர்” என்று. அவர்களுடைய மற்ற தொழிற்சாலைகளுக்கும் கேமரா கொடுக்கும் பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சேகரைக் கிளப்பிக்கொண்டு ஓடினேன்.

காவலாளிகளை அன்று நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார் சேகர். பயத்தில் இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராகக் குனிந்து, மதிலோரமாகக் கட்டடத்தின் கண்ணாடிக்கு வெகு அருகில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அப்படியே குனிந்தார்கள். திரையில் நீளமுதுகோடு அதே சூடான உருவம். “இப்ப பின்னாடி இருக்கறவரு கைய தூக்குங்க” என்றார். சிறுத்தை முதுகிலிருந்து ஒரு கை முளைத்தது. “வணக்கம் சொல்லுது பாருங்க, மரியாதை தெரிஞ்ச சிறுத்தை” என்றார். கண்ணாடிக்குள் பார்ப்பதாக நினைத்து, அதில் பிரதிபலித்த தங்கள் உடம்புச் சூட்டையே பார்த்திருக்கிறார்கள். அங்கே கூடியிருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும்தான்.

மேனேஜருக்கு உயிர் வந்தது. கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார், கெட்டவரும் இல்லை. ஆர்டர் நெருக்கடி அவர் கழுத்தில். “ஆய்தல்ல சார், முடிஞ்சுதே! சிறுத்தை இல்லவே இல்லன்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். எல்லாரும் வேலைக்கு வரட்டும்.”

“கண்ணாடியில தெரிஞ்சது உங்க காவலாளிங்கன்னு எழுதித் தரேன்” என்றார் சேகர். “சிறுத்தை இல்லன்னு எப்படி சார் எழுதறது? அந்தம்மா பாத்தது கண்ணாடியில இல்ல. மதில்மேல.”

“நோடி சார், பாருங்க, மதில்மேல எதுவும் யாரும் பாக்கல.”

“பாக்கல. அதை வேணா எழுதித் தரேன்.”

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! கேமராமேல் பழி இல்லை என்று ஆகிவிட்டது, வந்த வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதானே? மேனேஜரைச் சமாதானப்படுத்த நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சேகர் கேட்டருகே தனியாக நின்ற பாக்கியத்திடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “நாளைக்கு விடியறதுக்குள்ள வரேன்” என்றார். மேனேஜர் என்னை முறைத்தார். நான் சேகரை முறைத்தேன். வழியெல்லாம் திட்டினேன். “தெரியலன்னா இல்லன்னு ஆகிடாது கோமதிம்மா” என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு அந்த ‘அம்மா’ கிடைக்கும்.

மறுநாள் அதிகாலை என்னையும் எழுப்பி இழுத்துப் போனார். சாயங்காலம் பார்த்தால் பாறையும் கட்டடக் கழிவும் பகல் வெயிலின் சூட்டை வைத்துக்கொண்டு எல்லாமே மிருகம் மாதிரி ஜொலிக்கும். விடியும் முன்தான் கல் ஆறியிருக்கும், உயிர் தனியாகத் தெரியும். காவலாளிகளிடம் இருந்தது கிட்டத்தில் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். மதிலுக்கு அப்பால் மழைநீர் ஓடுகிற ராஜகால்வாய்வரை தேட அது உதவாது என்று, தூரத்துக்கான லென்ஸ் உள்ள வேறு கேமரா கொண்டுவந்திருந்தார். முதல் மாடிப் படிக்கட்டு ஜன்னலை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒரு நாய்க் குடும்பம் தெரிந்தது, அவ்வளவுதான். கீழே இறங்கி, “திறந்தவெளியில தெரியல. புதருக்குள்ள இந்தக் கேமராவால பாக்க முடியாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேனேஜர் அதை வாங்கவே இல்லை.

அடுத்த நாள் தூறல். நனைந்தால் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், பார்த்தும் பயனில்லை என்று காபி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அழைத்து வந்தார். அதற்கடுத்த நாள் நான் வரமாட்டேன் என்றேன். ஆனாலும் போனேன். வீம்புக்காரருக்கு வீம்புக்காரி துணை.

ராஜகால்வாய் ஓரத்தில் யாரோ எப்போதோ இறக்கிவிட்டு மறந்துபோன பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. அதே ஜன்னலிலிருந்து சேகர் கேமராவை அவற்றின் பக்கம் திருப்பி நிறுத்தினார். பிறகு என்னிடம் நீட்டினார். குழாய்க்கு மேலே இரண்டு காதுகள். பிறகு தலை எழுந்தது. பிறகு அது நிதானமாகக் குழாய்மேல் ஏறி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. வீடியோ பொத்தானை அழுத்தினேன்.

வனத்துறையினர் கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். மேனேஜர் தானே தையல் வரிசைக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் பாக்கியத்தின் கையில் அட்டையைக் கொடுத்தார். சேகர் மீசையை முறுக்கிக்கொண்டு அந்தக் கதையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல சிறுத்தை வளர்ந்துகொண்டே போனது. அடக்கமா? அந்தச் சொல்லுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நன்றாகச் செய்த வேலையை நன்றாகச் செய்தேன் என்று சத்தமாகச் சொல்கிறவர் அவர். எனக்கு அது பிடிக்கும். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதத்தான் முடிகிறது.

ஜீவனஹள்ளிச் சந்தில் அன்று பாக்கியமும் நின்றிருந்தார், கூட நான்கைந்து தோழிகளோடு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊரே பொய்னு சொன்னப்ப உங்களை நம்புன மனுஷன்” என்று ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன்.

“இல்ல மேடம், அவரு என்னை நம்பல” என்றார் பாக்கியம். “கேட்டாண்ட வந்து நின்னாரு. ‘என்னை நம்புங்க சார்’னு அழுதேன். ‘நம்பறேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்மா, அதுல உனக்கு என்ன லாபம்? எந்த இடம்னு காட்டு, பாத்துட்டு வந்து சொல்றேன்’னாரு. எத்தன பேரு மேடம் நம்பறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவரு ஒருத்தருதான் போய்ப் பாத்தாரு.”

சேகர் விட்டுப்போனதில் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது, பாக்கியத்துக்கு அவர் சொன்ன அந்தப் பதில்தான்.